உயிரோடிருந்த கேப்டனின் கருமாதி

என் அக்காவின் கணவருக்குச் சட்டைக் கையில் எத்தனை பட்டை இருந்தது என்று இப்போது சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். உறவில் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "உங்க அக்கா வூட்டுக்காரரு நேவியில அட்மிரலாமே" என்றார். சாம்பார் சாதத்தை விட்டுவிட்டு அவருக்கு விளக்கப் போனேன். அதற்குள் ரசம் வந்துவிட்டது, அவர் ரசத்தின் பக்கம் திரும்பிவிட்டார். முழுதாகக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. எனக்கு எண்பது நெருங்குகிறது, வலது கண்ணில் திரை விழுந்திருக்கிறது. எழுதிவைத்துவிடுவது நல்லது.

வெள்ளைக்காரன் கொடுத்தது இரண்டு பட்டை. ஜப்பான்காரன் கொடுத்த பதவி நான்கு பட்டைக்குச் சமம். வெள்ளைக்காரன் திரும்பி வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான். சொந்த சர்க்கார் வந்தபோது ஒன்றும் கொடுக்கவில்லை. அவருடைய உத்தியோகம் இவ்வளவுதான். இதில் என் அக்கா என்ன ஆனாள் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

நான் மாமா என்று எழுதுவதெல்லாம் அவரைத்தான். கடலூர் ஓல்டு டவுன்காரர். இப்போது முதுநகர் என்கிறார்கள். அவர் அப்பாவுக்கு இரண்டு தோணிகள். கடலூரில் பெரிய கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகளைத் தோணியில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். அந்தத் தோணியில் வளர்ந்தவர் பம்பாய்க்குப் போய்ப் பயிற்சிக் கப்பலில் படித்தார், சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தார், பிறகு பினாங்கில் துறைமுகப் பைலட் ஆனார். வெளியிலிருந்து வரும் கப்பலில் ஏறி, அதைப் பத்திரமாக உள்ளே கொண்டுவந்து நிறுத்தும் வேலை. சண்டை வந்ததும் கடற்படை ரிசர்வில் எடுத்துக்கொண்டார்கள். அப்போதுதான் இரண்டு பட்டை.

கல்யாணம் சண்டைக்கு முந்தின வருஷம். அக்காவைப் பினாங்குக்கு அழைத்துப்போக வீடு பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று லீவுகளில் அவர்கள் சேர்ந்து இருந்தது, கூட்டிப் பார்த்தால், பதினொரு மாதம். பிள்ளை இல்லை.

சிங்கப்பூர் விழுந்த வருஷம் தந்தி வந்தது. அவர் இருந்த கப்பல் மூழ்கிவிட்டது, ஆளைக் காணவில்லை, இறந்திருக்கக்கூடும் என்று. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆனால் அக்காவின் கழுத்தில் யாரும் கை வைக்கவில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஆளும் கிடைக்காமல் உடலும் கிடைக்காமல் போனால் பன்னிரண்டு வருஷம் பார்க்க வேண்டும். அதுவரை அவள் சுமங்கலி. பன்னிரண்டு முடிந்தால்தான் உருவம் செய்து கொளுத்தி, கருமாதி செய்து, தாலி எடுப்பது. ஆகவே அக்கா குங்குமம் வைத்துக்கொண்டு எங்கள் மஞ்சக்குப்பத்து வீட்டில் இரண்டு வருஷம் காத்திருந்தாள். அக்கம்பக்கத்தில் அதை யாரும் தவறாகப் பேசவில்லை.

அப்பாவுக்கு அங்கே ஒரு சர்க்கார் கச்சேரியில் தலைமை குமாஸ்தா வேலை. பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருஷம் சொச்சம். அந்தச் சம்பளத்தில் சாப்பிட்டவர்கள் ஆறு பேர்: அப்பா, அம்மா, அக்கா, கல்யாணமாகாத இரண்டு தங்கைகள், சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்த நான்.

நாற்பத்துநான்கு தை மாதம் பாண்டிச்சேரியிலிருந்து சித்தப்பா ஆள் அனுப்பினார். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்தார், ரேடியோவும் வைத்திருந்தார். சிங்கப்பூர் ரேடியோவில் தமிழில் பேசுகிறார்கள், அங்கே மாட்டிக்கொண்டவர்கள் ஊரில் இருக்கும் குடும்பத்துக்குச் செய்தி சொல்கிறார்கள், வருகிற வியாழக்கிழமை பேசப்போகிறவர்களில் நம் மாப்பிள்ளையின் பெயரையும் ஊரையும் சொன்னார்கள், கேட்க வேண்டுமானால் வாருங்கள் என்று. எதிரி ரேடியோவைக் கேட்பது குற்றம். பிரெஞ்சுக்காரன் ஊரில் கெடுபிடி கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

அப்பா வரவில்லை. நானும் அக்காவும் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் போனோம். சித்தப்பா கடையின் பின்கட்டில் ஜன்னல்களைச் சாத்தி, ரேடியோவின் மேல் ஜமுக்காளத்தைப் போர்த்தி, அதற்குள் நாங்கள் மூன்று பேரும் தலையை விட்டுக்கொண்டோம். நல்ல சாயங்காலம். வெளியே தெருவில் பூக்காரி கூவிக்கொண்டு போனாள். அவள் போய்த் தொலைய மாட்டாளா என்று எனக்குப் பதறியது. மாமாவுக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். ஐந்தாவது அவர்.

"கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் மனைவிக்கு. நான் பினாங்கில் சுகமாக இருக்கிறேன். இங்கே ராணுவ சர்க்காரில் துறைமுகத்துக்கு அதிகாரியாக இருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை." நடுவில் ஒரு முறை இருமினார். "மச்சான் படிப்பை விடக் கூடாது. எல்லாரும் தைரியமாக இருங்கள்."

அடுத்த ஆள் தேவகோட்டைக்குப் பேச ஆரம்பித்துவிட்டார். அக்கா ரேடியோவின் மரப்பெட்டியில் கையை வைத்தபடி இருந்தாள்.

"சூடா இருக்குடா" என்றாள்.

"வால்வு சூடு" என்றேன். எனக்கு எப்போதும் இப்படித்தான் வாயில் வரும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் தானாகச் சிரித்துக்கொண்டாள். "இருமுறதுகூட அதே இருமல்தான்" என்று என்னிடம் மூன்று தரம் சொன்னாள். சாவடியில் சுங்கக்காரன் பையைக் குடைந்து, "என்னம்மா கொண்டுபோற?" என்றபோது, "ஒண்ணுமில்லீங்க, காத்துதான்" என்றாள். அவள் அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை.

ரேடியோ வைத்திருந்தவர் சித்தப்பா ஒருவர் மட்டுமா? மாசி பிறப்பதற்குள் சி.ஐ.டி.காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனிதர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"உங்க மாப்பிள்ள ஜப்பான்காரன்கிட்ட பெரிய ஆபீசராமே சார்?"

"யாருங்க சொன்னது? அவுரு போயி ரெண்டு வருஷம் ஆவுது. கப்பலோட முழுகிட்டாரு" என்றார் அப்பா.

"அப்படிங்களா? பாப்பா நெத்தியில குங்குமம் இருக்குதே."

"பன்னெண்டு வருஷம் பாக்கணும்ங்கிறது சாஸ்திரம்."

"சாஸ்திரம் சரிதான் சார். நான் ரிப்போர்ட் எழுதணுமே. செத்துட்டாருன்னு நீங்களே நம்பலன்னு நான் எழுதினா, மேல உள்ளவன் ஏன் நம்பலன்னு கேப்பான். செய்தி ஏதாச்சும் வந்திச்சா, யாரு மூலமா வந்திச்சின்னு கேப்பான். சர்க்கார் உப்ப தின்னுகிட்டு எதிராளி ஆபீசருக்கு மாமனாரா இருக்குறது கஷ்டம் சார்." கிளம்பும்போது, "மோரு நல்லா இருந்திச்சிம்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா இரண்டு நாள் கச்சேரிக்குப் போய்வந்தார். மூன்றாம் நாள், கருமாதி செய்துவிடலாம் என்றார்.

இதை நான் பல பேரிடம் விளக்கிப் பார்த்துவிட்டேன், பாதியில் குழம்பிவிடுகிறார்கள். மாமா இறந்துவிட்டார் என்று நாங்கள் நம்பியிருந்தால் பன்னிரண்டு வருஷம் பொறுத்திருப்போம். உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததால்தான் உடனே கருமாதி செய்ய வேண்டியதாயிற்று.

அம்மா சமையற்கட்டிலிருந்து வெளியே வந்தாள். "உசுரோட இருக்குற ஆளுக்கா? எள்ளு எறச்சா அந்த உசுரு நிக்குமா? உங்க வேல போனா போவுது, பிச்ச எடுக்கலாம்" என்றாள்.

"ரெண்டு பொண்ணுங்களயும் கூட்டிகிட்டா?" என்றார் அப்பா.

யாரும் அக்காவைக் கேட்கவில்லை. அவளே வந்து நின்றாள். "இத கழட்டினா அவுரு செத்துடுவாரா? போட்டுகிட்டிருந்தா பொழச்சிடுவாரா? குண்டு போடுறவன் என் கழுத்தப் பாத்தா போடுறான்? செய்யிங்க" என்றாள். சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். வெகுநேரம் ஒரே பாத்திரத்தைத் தேய்த்தாள்.

சடங்கு செய்துவைக்க வந்த ஐயரிடம், பரங்கிப்பேட்டைக் கப்பல்காரர் ஒருவர் மாமா மூழ்கியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லிவிட்டுப் போனார் என்று அப்பா சொன்னார். சாட்சி இருந்தால் பன்னிரண்டு வருஷம் வேண்டியதில்லை. ஐயர் நம்பினார். மாமாவின் பெரியப்பா மகன், மாமாவின் அப்பா காலமான பிறகு ஓல்டு டவுனில் தோணிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பங்காளி, கொள்ளி வைக்கச் சம்மதித்தார். அவருக்கும் நாங்கள் உண்மையைச் சொல்லவில்லை. அவர் நிஜமாகவே அழுதார்.

தேவனாம்பட்டினம் கரையில் நடந்தது. உடல் இல்லாதவருக்குப் புரச இலைக் காம்புகளால் உடல் கட்ட வேண்டும். முந்நூற்றறுபது காம்பு. தலைக்கு நாற்பது, கழுத்துக்குப் பத்து என்று உறுப்பு உறுப்பாகக் கணக்கு இருக்கிறது. ஐயர் கட்டை என்னிடம் கொடுத்து, "நீ படிச்ச பிள்ளை, எண்ணிக் கொடு" என்றார். எண்ணினேன். ஒரு காம்பு குறைந்தால் ஒரு விரல் குறையும் என்று ஐயர் சொல்லியிருந்தார். உயிரோடு இருக்கிறவருடைய உடம்பை எண்ணி எடுத்துக் கொடுத்தேன். அதைத் தர்ப்பையால் சுற்றி, வேட்டி போர்த்தி, பங்காளி கொளுத்தினார். காற்றில் பத்து நிமிஷம்கூட எரியவில்லை.

சி.ஐ.டி.காரர் குடையுடன் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். பெண்கள் அக்காவைத் தண்ணீரருகே உட்காரவைத்துத் தாலியை எடுத்தபோது, குடையை மடக்கிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மஞ்சக்குப்பத்தில் அவள் நெற்றியை அம்மாவால் பார்க்க முடியவில்லை. சிதம்பரத்தில் வடக்கு வீதிக்குப் பின்னால் எனக்காக எடுத்திருந்த சின்ன வீட்டுக்கு அக்காவையும் தங்கைகளையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அப்பா சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போவார். அம்மா வெள்ளிக்கிழமைதோறும் தில்லைக் காளிக்கு எண்ணெய் கொண்டுபோனாள். யாருக்காக என்று பூசாரி கேட்டால், "பேரு சொல்ல முடியாதுங்க" என்பாள். அக்கா வெள்ளைப் புடவையோடு வீட்டுக்குள்ளேயே இருந்தாள். மாமாவைப் பற்றி எங்களுக்குள்ளும் பேசுவதில்லை. பேசினால் எந்தக் காலத்தில் பேசுவது? 'இருக்கிறார்' என்றால் பயம், 'இருந்தார்' என்றால் பாவம்.

சண்டை முடிந்தது. ஜப்பான்காரன் போனான். மலாயாவில் இந்த முறை வெள்ளைக்காரனின் ராணுவ ஆட்சி. அது மாமாவைப் பிடித்து உட்காரவைத்து மாதக்கணக்கில் விசாரித்தது. வழக்குப் போடும் அளவுக்கு ஒன்றும் இல்லை, வேலை கொடுக்கும் அளவுக்கும் ஒன்றும் இல்லை என்று நாற்பத்தாறு பங்குனியில் விட்டுவிட்டது.

அவர் நேரே ஓல்டு டவுன் வீட்டுக்குத்தான் போயிருக்கிறார். பங்காளி கதவைத் திறந்தார். அன்று நடந்த பேச்சை அவரே எனக்குப் பின்னால் பல தரம் நடித்துக் காட்டியிருக்கிறார்.

"டேய், உனக்கு நான்தாண்டா கொள்ளி வச்சேன்!"

"எப்பண்ணே?"

"ரெண்டு வருஷம் ஆவுதுடா. அமாவாசக்கி அமாவாச எள்ளும் தண்ணியும் எறச்சிகிட்டு இருக்கேன். தாகமாச்சும் தீந்திச்சா?"

"அங்க காப்பித் தண்ணிக்கே வழியில்ல. உன் தண்ணி எங்க வந்து சேந்திச்சி?" என்றாராம் மாமா. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு சிரித்தார்களாம், அழுதார்களாம். பங்காளி துணையோடு அடுத்த ரயிலில் சிதம்பரம் வந்தார்.

நான் வீட்டில் இருந்தேன். ஆள் பாதியாகியிருந்தார். பற்கள் நான்கு இல்லை. அக்கா கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வெள்ளைப் புடவையில். பங்காளி வழியில் எல்லாம் சொல்லித்தான் அழைத்து வந்திருந்தார். ஆனால் பங்காளிக்குத் தெரிந்தது அவ்வளவுதானே.

"தந்தி வந்திச்சாமே. நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார் மாமா. "நான் ரேடியோவுலகூட பேசினேன். யாராச்சும் கேட்டு வந்து சொல்லுவாங்கன்னு பாத்தேன். ஒருத்தரும் சொல்லலியா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள்.

"நான் கேட்டேன்" என்றாள் அக்கா.

"கேட்டியா?"

"பாண்டிச்சேரிக்குப் போயிக் கேட்டேன். நடுவுல இருமினீங்க."

"எப்ப?"

"தையில."

அவர் அவள் புடவையைப் பார்த்தார். "இது எப்ப?"

"மாசியில" என்றாள்.

 பங்காளிக்கும் அப்போதுதான் தெரிகிறது, அவர் யாருக்குக் கொள்ளி வைத்தார் என்று.

சனிக்கிழமை அப்பா வந்தார். ஐயரை அழைத்தார்கள். கருமாதி செய்யப்பட்டவர் திரும்பி வந்தால் வழி இருக்கிறது என்றார் ஐயர். பிறந்த குழந்தைக்குச் செய்வதுபோல எல்லாம் முதலிலிருந்து. பெரிய அண்டாவில் நெய்யும் தண்ணீரும் விட்டு அதில் கையைக் காலை மடக்கி உட்கார வேண்டும், வெளியே எடுத்துக் குளிப்பாட்டிப் பெயர் வைக்க வேண்டும், பிறகு அதே பெண்டாட்டிக்கு மறுபடி தாலி கட்டலாம். அதைச் செய்யாமல் சேர்ந்து இருந்தால் அவள் விதவைதான், அவர் ஆவிதான்.

"நெய் ரேஷன்ல குடுக்குறானா?" என்றார் பங்காளி. யாரும் சிரிக்கவில்லை.

மாமா அப்பாவிடம் திரும்பினார். "மாமா, அண்டாவுல உக்காருறேன். தொட்டில்ல போட்டாலும் படுத்துக்கறேன். நாலு பேர கூட்டி வச்சி நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. எங்க மாப்பிள்ள இருக்காருன்னு தெரிஞ்சேதான் செஞ்சோம், சர்க்காருக்குப் பயந்து செஞ்சோம்னு. அது போதும்."

அப்பா தன் கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை இறந்துவிட்டார் என்று சர்க்காரிடம் அவர் வாக்குமூலம் கொடுத்திருந்தார். பொய் வாக்குமூலம் என்று வெளியே வந்தால் வேலையும் போகும், பென்ஷனும் போகும், வழக்கும் வரும். இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது.

"வேற எத வேணும்னாலும் கேளுங்க மாப்பிள்ள" என்றார்.

"வேற என்ன இருக்குது கேக்குறதுக்கு?" மாமா எழுந்து பங்காளியுடன் ஓல்டு டவுனுக்குப் போய்விட்டார். அக்கா வாசல்வரை வரவில்லை. விதவை எதிரே வரக் கூடாது என்பது அவளுக்குப் பழகிவிட்டிருந்தது.

அவர் அங்கே தோணி வேலைக்கே போனார். மல்லாட்டை மூட்டை ஏற்றும்போது எந்தத் தோணியில் எவ்வளவு ஏற்றலாம் என்று பார்க்கிற வேலை. நான் படிப்பு முடிந்து சிதம்பரத்திலேயே பள்ளிக்கூட வாத்தியார் ஆகியிருந்தேன். விடுமுறைக்கு அவரைப் பார்க்கப் போவேன். ஒரு மத்தியானம் தோணி மேட்டில் உட்கார்ந்து அவரே சொன்னார்.

"ஏழு வருஷம் வெள்ளக்காரனுக்குக் கீழ ரெண்டாவது ஆளு, மச்சான். மொதல் ஆளா வரவே முடியாது, தோலு அப்படி. கப்பலு முழுகினப்ப தண்ணியிலேருந்து எடுத்து, ஜப்பான்காரன் என்ன கேம்புல வச்சிருந்தான். ஒருநா கூட்டிகிட்டுப் போயி, ஹார்பர் தெரியுமான்னான். தெரியும்னேன். அன்னிக்கே கேப்டன். இடுப்புல வாளு. எனக்குக் கீழ நூத்திநாப்பது தோணி, ஆறு சின்னக் கப்பலு."

"சந்தோஷமா இருந்ததா மாமா?"

"பொய் சொல்லுவானேன், இருந்திச்சி. மொத நாளு கண்ணாடியில ரொம்ப நேரம் பாத்துகிட்டேன்." உள்ளங்கையால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டார். "ஆனா ரோட்டுல நிக்கிற சிப்பாய்க்குக் குனிஞ்சி கும்புடணும். சரியா குனியலன்னா கன்னத்துல அறை. வாளோட நின்னு வாங்கணும். நீ எண்ணிக்க கேப்பேன்னு தெரியும். எட்டு."

நான் கேட்கத்தான் இருந்தேன்.

"மூணு மாசம் சரக்கு கொறையாம கணக்குக் குடுத்தா, ரேடியோவுல ஒரு நிமிஷம் வீட்டுக்குப் பேசலாம்னு சொன்னானுவோ. அதுக்காகவே பாத்துப் பாத்து வேல செஞ்சேன். மூணாவது மாசம் ஒரு தோணியில அரிசி மூட்ட ஒண்ணு கொறஞ்சிது. நாகப்பட்டணத்து ஆளு, தோணிக்காரன். புள்ளைங்க பசின்னு எடுத்துட்டேன் சாமீன்னான். நான் ரிப்போர்ட் பண்ணேன். கூட்டிகிட்டுப் போனானுவோ. அவன் திரும்பி வரல." வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பினார். "அடுத்த வியாழக்கெழம நான் ரேடியோவுல பேசினேன். வெள்ளக்காரன் விசாரணையில இத யாரும் கேக்கல. கேட்டா சொல்லியிருப்பேன். எனக்கு ஒரு கருமாதி ஜாஸ்தியில்ல மச்சான். ஆனா உங்கக்கா என்ன பண்ணா?"

 அக்காவிடம் போய் இதைச் சொன்னேன், தோணிக்காரன் உட்பட. அவள் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ளைங்க என்ன ஆச்சாம்?" என்றாள். அது எனக்குத் தெரியாது.

சுதந்திரம் வந்தது. சில மாதத்தில் அப்பா பென்ஷனோடு வெளியே வந்தார். மறு வாரமே ஓல்டு டவுனுக்குப் போனார், நானும் போனேன். "மாப்பிள்ள, இப்ப சொல்றேன். எங்க வேணும்னாலும் நின்னு சொல்றேன்" என்றார்.

"யாருகிட்ட மாமா? நீங்க பயந்த சர்க்காரே கப்பல் ஏறிப் போயிடுச்சி" என்றார் மாமா. குரலில் கோபம் இல்லை. அதுதான் அப்பாவைக் குத்தியது. மாமா அப்போது புதிய சர்க்காரின் கடற்படைக்கு மனுப் போட்டுக் காத்திருந்தார். பைலட் வேலை தெரிந்தவர்கள் குறைவு, எடுத்துக்கொள்வார்கள் என்று பங்காளி ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். மார்கழியில் பதில் வந்தது. எதிரியின் ராணுவ ஆட்சியில் பதவி வகித்தவர்களைத் திரும்ப எடுப்பதற்கில்லை. எதிரி யாருக்கு எதிரி என்று அதில் இல்லை.

அந்தப் பதிலைப் பற்றி நான் வந்து சொன்ன அன்று அக்கா இரவுச் சாப்பாடு பரிமாறினாள். காலையில் அம்மாவின் பெட்டியைத் திறந்து தாலியை எடுத்துக்கொண்டாள். அம்மாவின் சிவப்புப் புடவையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"சடங்கு ஒண்ணும் செய்யாமயா? பொம்பளைங்க என்னடி சொல்லுவாங்க?"

"செத்ததுக்குத்தானேம்மா சடங்கு செஞ்சீங்க. சாவாததுக்கு என்ன சடங்கு? அவருக்கு வேலையும் இல்ல, பட்டையும் இல்ல. நானாச்சும் இருக்கேன்னு அவருக்குத் தெரிய வேணாமா?" என்றாள். "வாடா" என்று என்னைக் கூப்பிட்டாள்.

ஓல்டு டவுன் வீட்டில் மாமா தோணிக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா தாலியை அவர் முன்னால் நீட்டினாள். "அண்டாவுல நீங்க உக்கார வேணாம். அப்பா ஒண்ணும் சொல்ல வேணாம். கட்டுங்க" என்றாள். அவர் கயிறு பிடித்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். பங்காளி சமையற்கட்டில் தேடிவிட்டு வந்து, "அட்சதைக்கு அரிசி இல்ல, கேழ்வரகுதான் இருக்குது. பரவால்லியா?" என்றார். கேழ்வரகைத்தான் போட்டோம். மூன்று பேர் இருந்த கல்யாணம், நான் உட்பட நான்கு.

ஒரு வருஷம் ஒன்பது மாதம் சேர்ந்து இருந்தார்கள். முதல் பதினொரு மாதத்தையும் கூட்டினால் இரண்டு வருஷம் எட்டு மாதம். ஒரு முழு இல்வாழ்க்கை. அந்தக் காலத்தில் அந்தத் தெருவில் நடந்த கல்யாணம், வளைகாப்பு எதற்கும் அக்காவுக்கு வெற்றிலைபாக்கு வைக்க யாரும் வரவில்லை. எதிரே வந்தால் ஒதுங்கிப் போனார்கள். அவள் விதவையா சுமங்கலியா என்று முடிவு தெரியாத பயம். மாமாவிடம் மட்டும் எல்லாரும் வந்தார்கள். காற்று எப்படி இருக்கும், நாளைக்குத் தோணி இறக்கலாமா என்று கேட்க. "கேப்டன்" என்றுதான் கூப்பிட்டார்கள். எந்தச் சர்க்கார் கொடுத்த கேப்டன் என்று யாரும் பார்க்கவில்லை.

ஐப்பசி மழையில் காய்ச்சலில் விழுந்தார். மலாயாவிலிருந்து கொண்டுவந்த காய்ச்சல்தான், வருஷத்துக்கு இரண்டு தரம் வரும். இந்த முறை இறங்கவில்லை. கடைசி நாளில் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு முறை தகனம் செய்தவருக்கு மறுபடி மந்திரம் சொல்ல முடியாது என்று ஐயர் வர மறுத்துவிட்டார். கெடிலம் ஆற்றங்கரையில் பங்காளி இரண்டாம் தரம் கொள்ளி வைத்தார், மந்திரம் இல்லாமல். "இந்த வாட்டி நல்லா எரியுதுடா" என்று என்னிடம் சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

பத்தாம் நாள் தெருப் பெண்கள் ஏழு பேர் வந்தார்கள். ஒன்றே முக்கால் வருஷமாக அக்காவின் வீட்டுப்படி ஏறாதவர்களும் அதில் இருந்தார்கள். வெள்ளைப் புடவையும் கொண்டுவந்திருந்தார்கள். எல்லாரிலும் மூத்தவள் அக்காவின் தோளைத் தொட்டு, "வாம்மா, பொழுது ஏறுது. கெணத்தடிக்கு வா" என்றாள்.

அக்கா எழுந்திருக்கவில்லை. "அது ஆயிடுச்சிங்க" என்றாள்.

"என்ன ஆயிடுச்சி?"

"தாலி எடுத்தது. தேவனாம்பட்டினத்துல. ஒரு ஆளுக்கு ரெண்டு தடவயா எடுப்பாங்க?"

"அப்ப அவுரு உசுரோட இருந்தாரேம்மா. இப்பதானே போயிருக்காரு?"

"உசுரோட இருக்கறப்ப எடுத்தாச்சி. அதுக்குப் பதிலா இப்ப வச்சிக்கறேன்."

"ஊரு என்ன சொல்லும்?"

"அன்னிக்கி என்ன சொல்லிச்சோ அதையே சொல்லட்டும்" என்றாள் அக்கா.

அம்மா சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். அப்பா வாசலில், மழையில் நனைந்துகொண்டு நின்றார். உள்ளே வாருங்கள் என்று நான் இரண்டு தரம் கூப்பிட்டும் வரவில்லை.  பிறகு மூத்தவள் வெள்ளைப் புடவையை மடித்து இடுக்கிக்கொண்டு எழுந்தாள், மற்றவர்களும் எழுந்தார்கள்.

அவர்கள் போனதும் அக்கா முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அழுது அழுது நெற்றியில் ஒன்றும் மிச்சமில்லை. ஈரத்தை முந்தானையால் ஒற்றிவிட்டுக் குங்குமம் வைத்துக்கொண்டாள். கோணலாக விழுந்தது. கண்ணாடியில் பார்க்காமலே அடுப்பை மூட்டப் போய்விட்டாள்.